கல்யாணமாகி ஐந்து வாரம், ஸ்கேனில் ஆறரை வாரம்: இந்தக் கணக்கை நம் பெண்களுக்கு யார் சொல்வது?

செவ்வந்தி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். மகப்பேறு மருத்துவமனை ஒன்றில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். எங்கள் ஓ.பி.யில் திரும்பத் திரும்ப நடக்கிற ஒன்றை இங்கே எழுதியே ஆகவேண்டும் என்று தோன்றியது. அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காகத் தேதிகளை மாற்றியிருக்கிறேன். கணக்கு அதேதான்.

ஆவணியில் கல்யாணமான பெண். பி.இ. முடித்தவள். செப்டம்பர் 4 முகூர்த்தம். அக்டோபர் 9 அன்று மாமியாரோடு ஸ்கேனுக்கு வந்தாள். ரிப்போர்ட்டில் 6 வாரம் 4 நாள் என்று இருந்தது. மாமியார் அதை வாங்கிப் பார்த்தார், விரலை மடக்கி எண்ணினார். "கல்யாணமாகி அஞ்சு வாரம்தானே ஆகுது?" என்று அத்தனை பேர் முன்னாலும் கேட்டார். பெண்ணுக்கு முகமே செத்துவிட்டது. வாயைத் திறக்கவில்லை. அப்புறம் ரத்தம் எடுக்கிற அறையில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சிஸ்டர், சத்தியமா வேற யாரும் இல்லை, எனக்கு எப்படி இப்படி ஆச்சு?" என்றாள். தன் உடம்பின் மேல் அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

டாக்டர் மேடம் இருவரையும் உட்காரவைத்து, மேஜைக் காலண்டரை எடுத்துப் பேனாவால் வட்டம் போட்டுக் காட்டினார். கர்ப்பத்தின் வாரக் கணக்கு கணவன் மனைவி சேர்ந்த நாளிலிருந்து தொடங்குவதில்லை. கடைசியாக வந்த மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து தொடங்குகிறது. அந்தப் பெண்ணுக்கு அது ஆகஸ்ட் 24. அன்றிலிருந்து எண்ணினால் அக்டோபர் 9 அன்று 46 நாள், அதாவது 6 வாரம் 4 நாள். கரு உண்டானது செப்டம்பர் 7 வாக்கில், கல்யாணத்துக்குப் பிறகுதான். கர்ப்பமே இல்லாத முதல் இரண்டு வாரமும் எல்லோருக்கும் கணக்கில் சேரும்.

இதில் என்னை உறுத்துவது வேறொன்று. முகூர்த்தம் குறிக்கும்போது பெண்ணின் 'டேட்' என்ன என்று இரண்டு வீட்டிலும் கேட்டுத்தானே குறிக்கிறார்கள்? மணமேடையில் தீட்டு ஆகிவிடக்கூடாது என்று விலக்கு தொடங்கிப் பத்துப் பன்னிரண்டு நாளில் தேதி வைக்கிறார்கள். பல பெண்களுக்குக் கருமுட்டை வெளியாகிற நாளும் அதையொட்டித்தான் வரும். ஆகஸ்ட் 24 என்பது அந்த மாமியாருக்கும் தெரிந்த தேதிதான். அந்தத் தேதிக்கு என்ன அர்த்தம் என்பது மட்டும் இரண்டு குடும்பத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. பழி விழுந்தது இருபத்திரண்டு வயதுப் பெண்ணின் தலையில்.

இதை நம் பெண்களுக்கு யார், எப்போது சொல்லித்தருவது? உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.


மருதாணி எழுதியது:

அக்கா, எனக்கு இரண்டு பிள்ளைகள். கர்ப்பப் பதிவு அட்டையில் எல்.எம்.பி. (கடைசி விலக்கின் முதல் நாள்) என்று ஒரு கட்டம் இருக்குமே, அதில் ஒவ்வொரு முறையும் தேதி சொல்லியிருக்கிறேன். எதற்குக் கேட்கிறார்கள் என்று இன்றுதான் புரிந்தது. ஒருமுறைகூட யாரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. எங்கள் பக்கத்து வீட்டில் இதே மாதிரி ஒரு ரிப்போர்ட்டை வைத்து மூன்று மாதம் அந்தப் பெண்ணை அம்மா வீட்டிலேயே விட்டுவிட்டார்கள். அப்புறம் பெரியவர்கள் பேசிச் சேர்த்துவைத்தார்கள். "மன்னித்துவிட்டோம்" என்று சொல்லிச் சேர்த்துவைத்தார்கள். அவள் செய்யாத ஒன்றுக்கு மன்னிப்பு.


கயல்_மகப்பேறு எழுதியது:

செவ்வந்தி சொன்ன கணக்கு சரி. நான் மகப்பேறு மருத்துவர். சில விஷயங்களைச் சேர்க்கிறேன்.

கருத்தரித்த நாள் இதுதான் என்று பெரும்பாலும் யாராலும் சொல்ல முடியாது. விலக்கான நாளைச் சொல்ல முடியும். அதனால்தான் உலகம் முழுக்க அந்த நாளிலிருந்து 280 நாள், அதாவது 40 வாரம் என்று கணக்கு வைக்கிறோம். பிரசவ நாள் தெரியவேண்டுமா? கடைசி விலக்கின் முதல் நாளோடு ஒன்பது மாதமும் ஏழு நாளும் கூட்டுங்கள். ஆகஸ்ட் 24 என்றால் மே 31. இது 28 நாள் சுழற்சி உள்ளவர்களுக்கு. 35 நாளுக்கு ஒருமுறை வருகிறவர்களுக்குக் கருமுட்டை ஒரு வாரம் தள்ளித்தான் வெளியாகும். காரணம், அடுத்த விலக்கு வருவதற்குச் சுமார் 14 நாள் முன்பு முட்டை வெளியாகிறது. போன விலக்கிலிருந்து 14 நாள் என்று பலர் மனப்பாடம் செய்து வைத்திருப்பது எல்லோருக்கும் பொருந்தாது. முதல் மூன்று மாதத்துக்குள் எடுக்கும் ஸ்கேனில் கருவின் நீளத்தை அளந்து தேதியைச் சரிபார்க்கிறோம். அதிலும் சில நாள் முன்பின் இருக்கும். அதை வைத்து யாரும் யாருடைய ஒழுக்கத்தையும் அளக்க முடியாது.

என் ஓ.பி.யில் நான் பார்ப்பதைச் சொல்கிறேன். படிக்காதவர்கள் என்று நினைக்காதீர்கள், பட்டதாரிகள். சிறுநீர் வரும் துவாரமும் மாதவிலக்கு வரும் துவாரமும் ஒன்று என்று நினைக்கிற பெண்கள் ஏராளம். சிறுநீர்த் துவாரம், யோனி, மலத்துவாரம் என்று மூன்று தனித்தனி வழிகள் என்று படம் வரைந்து காட்டினால் வியந்து பார்க்கிறார்கள். கல்யாணமாகி இரண்டு வருடம் குழந்தை இல்லை என்று வருவார்கள். ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், கோயில், பரிகாரம் எல்லாம் முடிந்திருக்கும். தனியாக உட்காரவைத்து மெதுவாகக் கேட்டால், உறவே முழுமையாக நடக்கவில்லை என்பது தெரியவரும். வலி, பயம், அல்லது இதுதான் உறவு என்று இருவரும் தவறாக நினைத்திருப்பது. அதற்குள் ஊர் அந்தப் பெண்ணுக்கு மலடி என்று பேர் வைத்து முடித்திருக்கும்.


வைகறை_19 எழுதியது:

டாக்டர் மேடம், நான் காலேஜ் இரண்டாம் வருடம், ஹாஸ்டலில் இருக்கிறேன். இதை யாரிடமும் கேட்க முடியவில்லை, இங்கே பேர் தெரியாது என்பதால் கேட்கிறேன். எனக்கு வெள்ளைப்படுதல் இருக்கிறது. எலும்பு உருகித்தான் அப்படி வருகிறது, உடம்பு இளைத்துவிடும் என்று பாட்டி சொல்வார். அம்மா வெந்தயமும் இளநீரும் தருவார். எனக்கு பயமாகவே இருக்கிறது. இன்னொன்று, ரூம்மேட் மென்ஸ்ட்ருவல் கப் வாங்கியிருக்கிறாள். அதைப் போட்டால் கன்னித்தன்மை போய்விடும், கல்யாணத்துக்கு அப்புறம் தெரிந்துவிடும் என்று மற்றவர்கள் சொல்கிறார்கள். உண்மையா?


கயல்_மகப்பேறு எழுதியது:

வைகறை, கேட்டதற்கு நன்றி அம்மா. இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

எலும்பு உருகி வருவது என்று ஒன்று கிடையாது. கர்ப்பப்பை வாயும் யோனியும் தன்னைத்தானே ஈரமாகவும் சுத்தமாகவும் வைத்துக்கொள்ளச் சுரக்கிற நீர் அது. மாதத்தின் நடுவில், முட்டை வெளியாகிற சமயத்தில் முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி தெளிவாக, விரலில் தொட்டால் நூலாக இழுபடும். மற்ற நாட்களில் கொஞ்சம் வெண்மையாகவோ கெட்டியாகவோ இருக்கலாம். உள்ளாடையில் காய்ந்தால் இளமஞ்சளாகத் தெரியும். இதெல்லாம் ஆரோக்கியம். அரிப்பு, துர்நாற்றம், தயிர்த் திப்பி மாதிரி கட்டியாக வருவது, பச்சை நிறம், அடிவயிற்று வலி, காய்ச்சல் இவற்றில் ஏதாவது இருந்தால் டாக்டரைப் பாருங்கள். அது தொற்று, மருந்தில் குணமாகும். சோப்பும் வாசனை வாஷும் போட்டு உள்ளே கழுவாதீர்கள். அங்கே நல்லது செய்கிற பாக்டீரியா அழிந்து தொற்று கூடும். வெளிப்பகுதியைச் சாதாரணத் தண்ணீரில் கழுவினால் போதும்.

கன்னித்திரை என்பது யோனி வாயைச் சுற்றி இருக்கிற மெல்லிய திசு விளிம்பு. பிறவியிலேயே ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். மாதவிலக்கு வெளியே வருகிறது என்றாலே அது மூடி இல்லை என்றுதான் அர்த்தம். முதல் உறவில் ரத்தம் வராத பெண்கள் நிறைய. அதைப் பார்த்து ஒரு பெண் உறவு கொண்டாளா இல்லையா என்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. கன்னித்தன்மைப் பரிசோதனைக்கு அறிவியல் அடிப்படையே இல்லை, அதைக் கைவிடவேண்டும் என்று 2018இல் உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. அமைப்புகளும் சொன்னார்கள். பாலியல் வன்முறை வழக்குகளில் செய்துவந்த இருவிரல் பரிசோதனையை நம் உச்ச நீதிமன்றம் 2013இல் கண்டித்தது. 2022இல், இனி அதைச் செய்கிறவர் தவறான நடத்தைக்குக் குற்றவாளி என்றே சொல்லிவிட்டது. கப் பயன்படுத்துவது உங்கள் விருப்பம். கை கழுவி, கப்பைக் கொதிக்கவைத்துப் பயன்படுத்தினால் பாதுகாப்பானது. வலித்தால் வேண்டாம், நாப்கினே போதும்.


கொங்கு_அம்மணி எழுதியது:

எல்லாரும் படித்தவர்கள், நான் சொல்வது பிடிக்காமல் போகலாம். எனக்கு அறுபத்தொரு வயது. எங்கள் காலத்தில் யாரும் எங்களுக்குப் படம் வரைந்து காட்டவில்லை. சீர் முடிந்ததும் அத்தையோ பெரியம்மாவோ இரண்டு வார்த்தை சொல்வார்கள். பிள்ளை பெற்றோம், வளர்த்தோம். இன்றைக்குப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் இதையெல்லாம் சொன்னால் அதையே நினைத்துக்கொண்டு படிப்பைக் கோட்டைவிடும். தெரியாத வயதில் தெரியாமல் இருப்பதுதான் பாதுகாப்பு. கல்யாணம் நிச்சயமானதும் சொல்லிக்கொள்ளலாம்.


செவ்வந்தி எழுதியது:

அம்மா, உங்கள் வயதுக்கு மரியாதையோடு சொல்கிறேன். அந்த இரண்டு வார்த்தை சொல்ல அத்தை பக்கத்திலேயே இருந்தார். கூட்டுக் குடும்பம், பிரசவம் வீட்டிலேயே நடக்கும், மாடு கன்று போடுவதைப் பார்த்திருப்பீர்கள். இன்றைக்கு இரண்டு பேர் சம்பாதிக்கிற அபார்ட்மெண்ட்டில், அந்த அத்தை வேறு ஊரில் இருக்கிறார். போன் மட்டும் கையில் இருக்கிறது. பிள்ளை யாரிடமும் கேட்காமல் இருக்கப்போவதில்லை. கேட்கிற இடம் மாறிவிட்டது. அதுவும் போக, அன்றைக்கும் எல்லாம் நல்லபடியாக நடந்ததா? அடுத்தடுத்துப் பிள்ளை பெற்று ரத்தமில்லாமல் செத்த பெண்கள் நம் எல்லார் குடும்பத்திலும் உண்டு.


மலையடிவாரம் எழுதியது:

தெரியாமல் இருப்பது பாதுகாப்பு என்று அம்மா சொல்வதற்கு என் வேலையிலிருந்து பதில் சொல்லவேண்டும். நான் கிராம சுகாதார செவிலியர்.

வயிற்று வலி என்று பெண் பிள்ளையைக் கூட்டிவருவார்கள். வாயுவாக இருக்கும் என்பார் அம்மா. வயிற்றில் கை வைத்தால் எனக்குத் தெரிந்துவிடும். ஆறு மாதம், ஏழு மாதம். நாள் தள்ளிப்போனது தெரியாதா என்று கேட்டால், "எனக்கு எப்பவுமே ரெண்டு மாசம் மூணு மாசம் வராம இருக்கும்" என்று அந்தப் பிள்ளை சொல்லும். ஒருதடவைக்கெல்லாம் ஆகாது என்று அவன் சொன்னான் என்று சொல்லும். கல்யாணம் ஆகாமல் குழந்தை உண்டாகாது என்று உண்மையிலேயே நம்பியிருந்த பிள்ளையைப் பார்த்திருக்கிறேன். தாலிக்கும் கருவுக்கும் சம்பந்தம் இருப்பதாக நினைத்திருந்தது. சில சமயம் செய்தவன் வீட்டு ஆளாகவே இருப்பான். அங்கே தொடுவது தப்பு என்றுகூட யாரும் அந்தப் பிள்ளைக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். அந்த இடத்துக்குப் பேரே சொல்லித்தராதபோது பிள்ளை எப்படிப் புகார் சொல்லும்?

18 வயதுக்குக் கீழே என்றால் போக்சோ சட்டப்படி நாங்கள் போலீசுக்குத் தெரிவித்தாக வேண்டும். அதற்குப் பயந்து பலர் ஆஸ்பத்திரிக்கு வராமல் யாரோ கொடுத்த மாத்திரையைப் போட்டு, ரத்தம் நிற்காமல் ராத்திரியில் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். உயிருக்கே ஆபத்து. ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: சிறுமியும் பெற்றோரும் கேட்டுக்கொண்டால், கருக்கலைப்பு செய்கிற மருத்துவர் போலீசுக்குத் தரும் தகவலில் அவள் பெயரைச் சொல்லத் தேவையில்லை என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதே தீர்ப்பில்தான் 20 முதல் 24 வாரம் வரை கல்யாணமாகாத பெண்ணுக்கும் கருக்கலைப்பு உரிமை உண்டு என்றது. சீக்கிரம் வந்தால் எல்லாமே சுலபம். மருத்துவ ஆலோசனைக்கு 104, பிள்ளைகளுக்கு ஆபத்து என்றால் 1098. இரண்டு எண்ணையும் வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள்.


பொறியாளன்_சேலம் எழுதியது:

ஆண்கள் எழுதலாமா தெரியவில்லை, எழுதுகிறேன். பையன்களுக்கு மட்டும் தெரியும் என்று நினைக்காதீர்கள். எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் ஆபாச வீடியோவில் பார்த்தது. அதில் மாதவிலக்கு கிடையாது, வலி கிடையாது, வேண்டாம் என்று சொல்வது கிடையாது, கருத்தடை கிடையாது. அதை வைத்துக்கொண்டு முதலிரவுக்குப் போகிறவன் அந்தப் பெண்ணை என்ன பாடுபடுத்துவான்? என் அக்காவுக்கு மூன்றும் பெண் குழந்தை. மாமா வீட்டில் அவளைச் சொல்லாத சொல் இல்லை. பெண்ணிடமிருந்து எப்போதும் எக்ஸ் குரோமோசோம்தான் வரும், ஆணிடமிருந்து எக்ஸா ஒய்யா எது வருகிறதோ அதுதான் பிள்ளை ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கும் என்பதை என் மாமாவும் பத்தாம் வகுப்பில் படித்திருப்பார். பரீட்சையில் எழுதியும் இருப்பார். வீட்டில் பேச்சு வந்தபோது ஒரு வார்த்தை பேசவில்லை.


அறிவியல்_டீச்சர் எழுதியது:

பத்தாம் வகுப்பு என்று சொன்னதால் வருகிறேன். அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை.

பாடமே இல்லை என்று யாரும் சொல்லமுடியாது. எட்டாம் வகுப்பில் வளரிளம் பருவம் பற்றி இருக்கிறது. பத்தாம் வகுப்பில் தாவரங்கள், விலங்குகளின் இனப்பெருக்கம் ஒரே பாடமாக இருக்கிறது. பிரச்சினை வகுப்பறையில். மகரந்தச் சேர்க்கையை இரண்டு பீரியட் நடத்துவார்கள். மனிதர் பக்கம் வந்ததும் "வீட்டில் படித்துக்கொள்ளுங்கள், மதிப்பெண் கேள்வியை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்" என்று பக்கம் திருப்பப்படும். பூவின் சூல் படத்தைப் பாகம் குறித்து வரைகிற பிள்ளைக்குத் தன் கர்ப்பப்பை எங்கே இருக்கிறது என்று வயிற்றில் கை வைத்துக் காட்டத் தெரியாது. கேட்டுப் பார்த்திருக்கிறேன், இரைப்பையைக் காட்டுவார்கள். தொப்புளுக்குக் கீழே, மூத்திரப்பைக்குப் பின்னால், தன் கை முஷ்டியைவிடச் சிறியதாக இருக்கும் என்று சொன்னால் நம்பமாட்டார்கள்.

நாப்கின் விஷயத்தில் நம் மாநிலம் நன்றாகச் செய்திருக்கிறது. புது யுகம் திட்டத்தில் பல வருடமாக இலவசமாக வருகிறது. பெண் பிள்ளைகளை மட்டும் தனியே கூப்பிட்டு ஒரு கூட்டம் போட்டு, எப்படி வைப்பது, எப்படி அப்புறப்படுத்துவது என்று சொல்வார்கள். ரத்தம் ஏன் வருகிறது என்று சொல்வதில்லை. கெட்ட ரத்தம் வெளியேறுகிறது என்றே பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கரு வந்தால் தங்குவதற்காக மாதாமாதம் தடிக்கிற உட்சுவர், கரு வராததால் உதிர்கிறது. அவ்வளவுதான், இதில் கெட்டதும் இல்லை, தீட்டும் இல்லை. இதை இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடலாம்.

சொன்னால் கெட்டுப்போவார்கள் என்ற பயம் புதிதல்ல. 2007இல் வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தைப் பல மாநிலங்கள் இதே காரணம் சொல்லி நிறுத்தின. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த யுனெஸ்கோ, இப்படிப்பட்ட கல்வி பிள்ளைகளைச் சீக்கிரம் உறவுக்குத் தூண்டுவதில்லை என்று சொல்கிறது.


யாழ்_வதனி எழுதியது:

நான் யாழ்ப்பாணம். எங்கட பக்கமும் இதே கதைதான் அக்கா. பிள்ளை பெரிசானால் தண்ணி வார்த்து, முட்டையும் நல்லெண்ணெயும் உழுத்தங்களியும் குடுத்து, பிறகு சாமத்திய வீடு. மண்டபம், வீடியோ, வெளிநாட்டில இருந்து சொந்தக்காரர், நகை, சேலை மாத்தி மாத்திப் படம். எனக்கு அப்ப பன்னிரண்டு வயசு. அத்தனை சனத்துக்கும் எனக்கு வந்தது தெரியும், எனக்கு என்ன வந்தது எண்டு மட்டும் எனக்குத் தெரியாது. ஏதோ வருத்தம் வந்திட்டுது, அதுக்குத்தான் எல்லாரும் வந்து பாக்கினம் எண்டு நினைச்சு அழுதிருக்கிறன்.

எங்கட நாட்டுச் சட்டம் இன்னும் இறுக்கம். 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவைதான். தாயின் உயிரைக் காப்பாற்ற மட்டும்தான் கருக்கலைப்பு செய்யலாம். வன்புணர்வுக்குக்கூட விலக்கு இல்லை. அப்படியான இடத்தில பிள்ளையளுக்கு முன்கூட்டியே தெரிஞ்சிருக்கிறது எவ்வளவு முக்கியம் எண்டு யோசிச்சுப் பாருங்கோ.


மருதாணி எழுதியது:

டாக்டர் மேடம், கல்யாணத்துக்கு முன்னால் டேட் தள்ளிப்போட மாத்திரை போடுகிறார்களே, அதைப் பற்றியும் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் கோயில் திருவிழா என்றால் பெண்கள் எல்லோரும் போடுவார்கள். மெடிக்கல் ஷாப்பில் கேட்டாலே கொடுத்துவிடுகிறார்கள்.


கயல்_மகப்பேறு எழுதியது:

நல்ல கேள்வி. அதில் இருப்பது நோரெதிஸ்டிரோன் என்கிற ஹார்மோன். டேட்டுக்கு மூன்று நாள் முன்பிலிருந்து போடுவார்கள், நிறுத்திய சில நாளில் விலக்கு வரும். எப்போதாவது ஒருமுறை, டாக்டர் பார்த்துக் கொடுத்தால் பெரும்பாலானவர்களுக்குத் தொந்தரவு இல்லை. ரத்தம் உறையும் பிரச்சினை, கல்லீரல் நோய், மார்பகப் புற்றுநோய் உள்ளவர்கள் போடக்கூடாது. கடைக்காரருக்கு இது எப்படித் தெரியும்?

முக்கியமானது இன்னொன்று. அது கருத்தடை மாத்திரை இல்லை. கல்யாணத்துக்காக அதைப் போட்ட பெண், "மாத்திரை போட்டிருக்கிறேன், ஒன்றும் ஆகாது" என்று நம்பிக் கர்ப்பமாகி வந்து நிற்பதை அடிக்கடி பார்க்கிறேன். படிப்பு முடியவேண்டும், வேலை கிடைத்திருக்கிறது, இப்போது வேண்டாம் என்று அழுவாள். கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்பே வந்து கேட்டிருந்தால் ஆணுறை, தினசரி மாத்திரை, மூன்று மாத ஊசி என்று எத்தனையோ வழி சொல்லியிருப்பேன். பட்டுப்புடவை எடுக்க நான்கு ஊர் போகிற குடும்பம், அந்தப் பெண்ணை ஒரு டாக்டரிடம் உட்காரவைக்க அரை மணி நேரம் ஒதுக்குவதில்லை.

அவசரக் கருத்தடை மாத்திரையும் இருக்கிறது. ஆணுறை கிழிந்தால் 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. சட்டப்படி டாக்டர் சீட்டு தேவையில்லாத மருந்து. ஆனால் தமிழ்நாட்டில் பல கடைகளில் கேட்டால் இல்லை என்றே சொல்கிறார்கள், கேட்கிற பெண்ணை மேலும் கீழும் பார்க்கிறார்கள். வயிற்றிலிருக்கிற கருவை அது கலைக்காது, முட்டை வெளியாவதைத் தள்ளிப்போடும். இந்த வித்தியாசம் விற்கிறவர்களில் பலருக்கே தெரியவில்லை.


தாமரைக்குளம் எழுதியது:

என் மகளுக்கு ஒன்பது வயது. பக்கத்து வீட்டு அக்காவுக்குச் சடங்கு நடந்ததைப் பார்த்துவிட்டு, "அக்காவுக்கு என்னம்மா ஆச்சு?" என்று கேட்டாள். "பெரிய மனுஷி ஆயிட்டா" என்று சொல்லிவிட்டேன். "அப்போ நேத்து வரைக்கும்?" என்றாள். எப்படிச் சொல்வது என்று யாராவது சொல்லுங்களேன்.


அறிவியல்_டீச்சர் எழுதியது:

கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கள், அதை உண்மையாகச் சொல்லுங்கள். "பெண் பிள்ளைகளுக்கு வயிற்றில் கர்ப்பப்பை என்று ஒன்று இருக்கிறது. நீ குட்டியாக அதில்தான் இருந்தாய். வளர்ந்தபிறகு மாதத்தில் சில நாள் அதிலிருந்து கொஞ்சம் ரத்தம் வரும். அடிபட்டதால் இல்லை, நோயும் இல்லை. உனக்கும் ஒருநாள் வரும், பள்ளிக்கூடத்தில் வந்தால் டீச்சரிடம் சொல், பையில் நாப்கின் வைத்திருக்கிறேன்." ஒன்பது வயதுக்கு இது போதும். பாப்பா எப்படி வயிற்றுக்குள் போனது என்று கேட்டால் அதையும் அவள் வயதுக்கு ஏற்ற மாதிரி சொல்லுங்கள். இப்போது சிலருக்கு ஒன்பது, பத்து வயதிலேயே வந்துவிடுகிறது. ரத்தத்தைப் பார்த்த பிறகு சொன்னால் பயந்த பிறகு சொன்னதாகிவிடும்.

எங்கள் பள்ளியில் தலைமை ஆசிரியரிடம் அனுமதி வாங்கி ஒரு அட்டைப் பெட்டி வைத்திருக்கிறேன். பேர் எழுதாமல் சீட்டு போடலாம். இதுவரை விழுந்ததில் சில: "முத்தம் கொடுத்தால் குழந்தை வருமா?" "எனக்கு ஒரு பக்கம் மார்பு சின்னதாக இருக்கிறது, புற்றுநோயா?" "பீரியட்ஸ் வலிக்கு மாத்திரை போட்டால் பிள்ளை பிறக்காதா?" "தூக்கத்தில் ஈரமாகிறது, நான் சாகப்போகிறேனா?" கடைசிச் சீட்டு ஒரு பையனுடையது. எத்தனை இரவு அந்தப் பிள்ளை அதை நினைத்துக்கொண்டு படுத்திருக்கும்! அதனால் வரும் மாதம் எட்டு, ஒன்பது வகுப்புகளுக்கு, ஆண் பெண் இருவரையும் சேர்த்து உட்காரவைத்து, ஆரம்ப சுகாதார நிலைய நர்ஸம்மாவை அழைத்துப் பேசவைக்கப்போகிறேன்.


கொங்கு_அம்மணி எழுதியது:

சீட்டுகளைப் படித்தேன். பிள்ளைகள் இவ்வளவு பயத்தை உள்ளுக்குள் வைத்திருக்கிறார்கள் என்று நினைக்கவில்லை. நர்ஸம்மா வந்து பெண் பிள்ளைகளுக்குச் சொல்லட்டும், அது சரி. ஆனால் பையன்களோடு சேர்த்து உட்காரவைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை டீச்சர். அதன்பிறகு பெண் பிள்ளைகளைக் கேலி செய்வார்கள். என் பேத்தியாக இருந்தால் அனுப்பமாட்டேன்.


அறிவியல்_டீச்சர் எழுதியது:

அம்மா, கேலி இப்போதும் நடக்கிறது. சீருடையில் கறை பட்டால் சிரிக்கிறார்கள், பெஞ்சில் ஒதுங்குகிறார்கள். அவர்களுக்கு எதுவும் தெரியாததால்தான் சிரிக்கிறார்கள். நாளைக்கு ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு மனைவியைச் சந்தேகப்படப்போகிறவனும் இந்த பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறான். உங்கள் கவலைக்காக ஒன்று செய்கிறேன்: பெண் பிள்ளைகளிடம் முதலில் தனியாகப் பேசி, அவர்கள் கேட்கக் கூச்சப்படுவதை முடித்துக்கொண்டு, அப்புறம் சேர்த்து உட்காரவைக்கிறோம். பெற்றோருக்கு முன்கூட்டியே கடிதம் போகும்.


செவ்வந்தி எழுதியது:

டீச்சர், உங்கள் கூட்டத்துக்கு ஒரு பக்கத் தாள் தயார் செய்திருக்கிறேன். கர்ப்பப்பை, கருக்குழாய், சினைப்பை படம், கீழே காலண்டர். அதே தாளை எங்கள் ஓ.பி. சுவரிலும் ஒட்டப்போகிறேன். டாக்டர் மேடம், இந்த வரிகள் சரியா பாருங்கள்: "28 நாளுக்கு ஒருமுறை மாதவிலக்கு வரும். கர்ப்பத்தின் வாரக் கணக்கு கடைசி விலக்கின் முதல் நாளிலிருந்து தொடங்கும், சேர்ந்த நாளிலிருந்து அல்ல."


கயல்_மகப்பேறு எழுதியது:

இரண்டாவது வரி அப்படியே இருக்கட்டும், எழுத்தை மட்டும் பெரிதாக்குங்கள். மாமியார்கள் கண்ணாடி இல்லாமலும் படிக்கவேண்டும். முதல் வரியை மாற்றுங்கள். 28 என்று மட்டும் போட்டால் 32 நாளில் வருகிற பெண் தனக்கு நோய் என்று பயப்படுவாள். "21 முதல் 35 நாளுக்குள் வருவது இயல்பு. வயதுக்கு வந்த முதல் சில வருடங்களில் 45 நாள் வரை தள்ளிப்போகலாம். மூன்று மாதம் வராவிட்டாலோ, ஏழு நாளுக்கு மேல் நிற்காமல் போனாலோ, ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைந்தாலோ டாக்டரைப் பாருங்கள்" என்று எழுதுங்கள். முடித்ததும் இங்கேயே போடுங்கள், நானும் அச்சடித்து என் அறையில் மாட்டிக்கொள்கிறேன்.